சமபங்கு அண்ணனும் ஆறாவது பாகமும்

நியாயம் வழங்கும் வேலையில் இருப்பவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். கோர்ட்டில் பார்த்திருக்கிறேன், பஞ்சாயத்தில் பார்த்திருக்கிறேன், கல்யாணப் பந்தியில் ஜாங்கிரித் தட்டோடு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கையில் சவர பிளேடை வைத்துக்கொண்டு நியாயம் வழங்கியவர் எனக்குத் தெரிந்து சமபங்கு அண்ணன் ஒருவர்தான். எந்தப் பொருளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாலும் அந்த நிமிஷமே அதைச் சமமாகப் பங்கு போட்டுவிடுவார். பொருளுக்குச் சொந்தக்காரர் வேண்டாம் என்று கெஞ்சினாலும் விடமாட்டார்.

எழுபதுகளின் நடுவில் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். கோயமுத்தூர் ரோட்டை ஒட்டி ஓட்டு வீடு ஒன்றுக்கு லாட்ஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் ஒரே அறையில் நாங்கள் நாலு பேர். நான், பொள்ளாச்சிப் பக்கத்து எலெக்ட்ரீஷியன் மணி, ஒற்றப்பாலத்து வெல்டர் குட்டன், பிறகு சமபங்கு அண்ணன். அவருக்கு அப்போதே நாற்பது வயது இருக்கும். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

நான் போய்ச் சேர்ந்த அன்று குளிப்பதற்குப் புது சோப்பை எடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஒரு நூலைச் சுற்றி இழுத்து நாலாக அறுத்தார். எழுத்து பொறித்திருந்த பக்கம் யாருக்கு என்று கொஞ்சம் யோசித்து, அந்த எழுத்தையும் சுரண்டி எடுத்துவிட்டார். இனி யாருக்கும் மனக்குறை வராது என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போனார்.

அறைக்கு ஒரே ஒரு பல்பு. அது சுவரோரமாக இருந்தவரை ஒருவருக்காவது படிக்க வெளிச்சம் கிடைத்துக்கொண்டிருந்தது. அது அநியாயம் என்று அண்ணன் ஒயரை இழுத்து, கயிறு பிடித்து அளந்து, அறையின் நட்டநடுவில் தொங்கவிட்டார். அன்றிலிருந்து நாலு பேருக்கும் சமமாக ஒன்றும் தெரியவில்லை. மணியின் அம்மா பலாப்பழம் கொடுத்தனுப்பினால் சுளைகளோடு கொட்டைகளும் பங்காகும். அந்தக் கொட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டேன். அது உங்க பங்குங்க தம்பி, உங்க பிரியம் என்று சொல்லிவிட்டார்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்பது சீக்கிரமே தெரிந்தது. அவருக்குச் சொந்த ஊர் எலப்புள்ளி. அப்பா விட்டுப்போன தோட்டம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பாதிப்பாதி; அதில் நம் சமபங்கு அண்ணன்தான் தம்பி. நடுவில் ஒரு கிணறு, அதையொட்டி ஒரு மோட்டார் ரூம். இரண்டும் பொது. ஒரு நாள் பெரியவருக்குத் தண்ணீர் முறை, மறுநாள் தம்பிக்கு. ஒரு கோடையில், தம்பியின் முறையன்று பெரியவர் தன் வாழைக்கு மோட்டாரைப் போட்டுவிட்டார். ஒரு நாள் என்றால் போகட்டும், அந்தக் கோடை முழுக்கவே அப்படி நடந்ததாகக் கேள்வி. தம்பியின் நிலக்கடலை காய்ந்து போயிற்று. தம்பி சண்டை போடவில்லை. மோட்டார் ரூமைப் பூட்டினார், சாவியை மடியில் கட்டிக்கொண்டார், கஞ்சிக்கோட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அண்ணன் முகத்தில் விழிக்கவில்லை.

அந்தச் சாவி அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு கைக்குட்டையில் முடிந்து கிடந்தது. எப்போதாவது எடுத்துப் பார்ப்பார். "அவனுக்கு ஒரு நாள் வெச்சிருக்கறேனுங்க" என்பார். சோப்பு அறுக்கும்போதும் அதையேதான் சொல்வார் என்பதால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாவல் வந்தது இந்த நேரத்தில்தான்.

ஒலவக்கோடு ஸ்டேஷன் வாசலில் பழைய புத்தகம் விற்பவனிடம் மணி அதை வாங்கி வந்தான். அட்டையும் இல்லை, முதல் தாளும் இல்லை. அதனால் எழுதியவர் யார், கதைக்கு என்ன பெயர் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மூன்று கூட்டாளிகள் சேர்ந்து நாலாவது கூட்டாளியை மோசம் செய்து ஜெயிலுக்கு அனுப்புகிறார்கள். அவன் வெளியே வந்து, வேறு பெயரில் வேறு முகத்தோடு, ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். கொலைக்கு முன்னால் அந்த ஆளுக்கு வெள்ளைத் துணியில் சுற்றிய சாவி ஒன்று தபாலில் வந்து சேரும். நாலைந்து பக்கம் படித்தால் பிறகு சோறு இறங்காது.

எல்லோரும் அடித்துக்கொண்டோம். கல்பாத்தியிலிருந்து தினமும் வந்துபோகும் அக்கவுண்ட்ஸ் சுந்தரம், நாவல் பைத்தியம், அவரும் போட்டிக்கு வந்துவிட்டார். அண்ணன் பிளேடை எடுத்தார். புத்தகத்தை ஆறாக வெட்டினார். ஒவ்வொரு பாகத்தையும் சாக்குத் தைக்கும் நூலால் தைத்தார். ஐந்து பாகம் ஐந்து பேருக்கு, வாரம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி மாற்றிக்கொள்ள வேண்டும். ஆறாவது பாகம் பெட்டிக்குள் போய்விட்டது. ஐந்தையும் எல்லோரும் முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே அதை உரக்கப் படிப்பார். கொலைகாரன் யார் என்பது ஒருவருக்கு முன்னாலும் இன்னொருவருக்குப் பின்னாலும் தெரிவது அநியாயம் என்பது அவர் கட்சி.

குட்டனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதைச் சொல்லிப் பார்த்தான். தெரியாட்டியும் பங்கு பங்குதான் என்று ஒரு பாகத்தை அவன் கையில் திணித்தார் அண்ணன். அவன் ஒரு வாரம் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். பிறகு மணி படித்துக் காட்ட ஏற்பாடாயிற்று.

சீட்டில் எனக்கு முதலில் விழுந்தது நாலாவது பாகம். அதில் ஒரு ஜமீன்தாரின் சவ ஊர்வலம். யாரோ எவரோ என்று சாதாரணமாகப் படித்து வைத்தேன். அடுத்த வாரம் இரண்டாவது பாகம் வந்தது. அதே ஜமீன்தாருக்குக் கல்யாணம். பந்தியில் அவர் இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தபோது எனக்கு அடுத்த பக்கம் புரட்ட மனம் வரவில்லை.

மத்தியானம் கேன்டீனில் ஆளுக்கொரு அபிப்பிராயம் கிளம்பும். ஒவ்வொருவரும் வேறு வேறு வரிசையில் படித்ததால், ஒரே புத்தகத்தை ஐந்து புத்தகமாகப் படித்திருந்தோம். மணி, நர்ஸ்தான் வேஷம் போட்டு வந்த நாலாவது கூட்டாளி என்று நம்பினான். அவள் கதையில் வந்து சேர்ந்த விதத்தை அவன் இன்னும் படிக்கவில்லை. சுந்தரம் டாக்டரைப் பிடித்துக்கொண்டார். "அந்த டாக்டராக்கும் எல்லாம் பண்ணறது, கேட்டேளா" என்று தயிர்சாதத்தின் மேல் சத்தியம் செய்தார். அடுத்த வாரம் அவர் கைக்கு வந்த பாகத்தில் டாக்டரைக் குளத்திலிருந்து பிணமாக எடுத்தார்கள். சுந்தரம் அசரவில்லை. செத்த மாதிரி நடிக்கிறான் என்று சொல்லிவிட்டார்.

குட்டனுடைய அபிப்பிராயம் எல்லாப் பாகத்துக்கும் ஒன்றுதான். "இத்தறை பேர் சாகறதுக்கு முன்னே போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு பராதி கொடுத்தா தீர்ந்தில்லே?" என்பான். அப்படிச் செய்தால் கதை எப்படி நடக்கும் என்று நாங்கள் அவன்மேல் பாய்வோம்.

சமபங்கு அண்ணன் மட்டும் யார் கொலைகாரன் என்ற கேள்வியில் இறங்கவே இல்லை. அவருக்கு அந்த நாலாவது கூட்டாளி பழிவாங்குவது சரியா தப்பா என்பதுதான் பேச்சு. சரி என்றார். "சாவி அனுப்பிச் சொல்லிப்போட்டுச் செய்யறானுங்களே. அதுதானுங்க முறை" என்றார். சொல்லிவிட்டு அறைக்குப் போய், பெட்டியிலிருந்த தன் சாவியை எடுத்து, தேங்காய் எண்ணெய் போட்டுத் துருவைத் தேய்த்தார். மறுநாளும் தேய்த்தார். சாவி பளபளவென்று ஆகிவிட்டது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஐந்து பாகமும் சுற்றி முடிந்தன. ஞாயிற்றுக்கிழமை வந்தது. முடிவைக் கேட்பதற்காகவே சுந்தரம் கல்பாத்தியிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். கையில் ஒரு டப்பா நிறைய இடியாப்பச் சேவை. எங்கள் அறையில் அண்ணன் இல்லை. பெட்டி திறந்து கிடந்தது. ஆறாவது பாகம் இல்லை. கைக்குட்டை விரித்தபடி கிடந்தது. சாவியும் இல்லை.

சாவி போனதைவிட ஆறாவது பாகம் போனதுதான் எங்களைக் கலக்கியது. சூரியன் மேற்கே உதித்தாலும் சமபங்கு அண்ணன் தன் பங்குக்கு மேல் ஒரு வரி படிக்கமாட்டார். முந்தின ராத்திரி அவர் பல்புக்கு நேர் கீழே நின்று எதையோ படித்ததைப் பார்த்ததாகக் குட்டன் சொன்னான். தனியாக முடிவைப் படித்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, எலப்புள்ளிக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு வயசான மனுஷன், எதுவும் தெரியாமல் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். 

"புத்தகம் வாங்கினவன் நானுங்க" என்று மணி அழ ஆரம்பித்தான். போலீசுக்குப் போகலாம் என்றான் குட்டன். அந்த ஒரு நாள் அவன் சொன்னதில் அர்த்தம் இருந்தது. ஆனால் போலீசிடம் என்னவென்று சொல்வது? ஒரு நாவலின் கடைசிப் பாகத்தைக் காணோம் என்றா? வாடகை சைக்கிள் மூன்று எடுத்துக்கொண்டு கிளம்பினோம். குட்டனின் கேரியரில் சுந்தரம், அவர் மடியில் சேவை டப்பா. மலைக் கணவாய்க் காற்று எதிரே நின்று சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளியது. வழியெல்லாம் சுந்தரம், நாளைக்குக் கோர்ட்டில் நாமளாக்கும் சாட்சி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

எலப்புள்ளியில் ஒரு டீக்கடையில் தோட்டத்துக்கு வழி கேட்டோம். அண்ணன் தம்பி கிணற்றுத் தகராறு என்றதும் கடைக்காரர், "ஓட்டைப் பிரிச்சு எறங்கறவர் தோட்டமுங்களா?" என்று கேட்டார். அது என்ன விஷயம் என்று நின்று விசாரிக்க எங்களுக்கு நேரமில்லை. காட்டிய திசையில் மிதித்தோம்.

பனை வரிசை தாண்டியதும் தோட்டம் தெரிந்தது. கிணறு, மோட்டார் ரூம், பக்கத்தில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் தரையில் ஒரு ஆள் மல்லாந்து கிடந்தார். முகத்தை ஒரு துண்டு மூடியிருந்தது. அவர் தலைமாட்டில் குத்துக்காலிட்டு சமபங்கு அண்ணன் உட்கார்ந்திருந்தார். வலது கையில் பிளேடு மின்னியது. சைக்கிளை வரப்பிலேயே போட்டுவிட்டோம். மணிக்கு அழுகை நின்றுவிட்டது, அவ்வளவு பயம். சுந்தரம் கண்ணை மூடிக்கொண்டு ஸ்லோகம் சொன்னார்.  வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது துண்டுக்கு அடியிலிருந்து பிணம் பேசியது.

"அப்பறம் என்னாச்சுடா?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த 'அப்பறம்' மாதிரி இனிப்பான வார்த்தையைக் கேட்டதில்லை. மூச்சு வந்தது. குட்டன் சிரிக்க ஆரம்பித்தான். சுந்தரம் அப்படியே வரப்பில் உட்கார்ந்து, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் டப்பாவைத் திறந்து ஒரு வாய் சேவை தின்றார்.

அண்ணன் எங்களைப் பார்த்து வெட்கப்பட்டார். அவர் மடியில் ஆறாவது பாகம். படித்து முடித்த தாளை, பங்கு பிரிக்கத் தோதாக, ஒவ்வொன்றாக பிளேடால் நறுக்கித் தனியே அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார், அவ்வளவுதான். பங்கு தவறிப் படித்ததற்கு மன்னிக்கணும் என்று எங்கள் நாலு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

"கடைசியில அவன் மூணு பேத்தையும் கொன்னு போடறானுங்க தம்பி" என்றார். சுந்தரம் காதைப் பொத்திக்கொண்டார். "எல்லாம் முடிஞ்சு, பழைய இடத்துக்கு வந்து ஒத்தையா உக்காந்திருக்கறான். எல்லாமே இப்ப அவனுதுதான். எதிர்ல ஆளில்லாம யாருகிட்டங்க பங்கு கேக்கறது? விடியட்டும்னு உக்காந்திருந்து மொத பஸ்சுக்கு வந்துட்டேன்."

பெரியவர் எழுந்து உட்கார்ந்து துண்டை உதறினார். தம்பியை அப்படியே அச்சடித்த மாதிரி முகம், நரைத்த தலைமட்டும் வித்தியாசம். எங்களை வாங்க என்று அழைத்தார். அப்போதுதான் மோட்டார் ரூமை நன்றாகப் பார்த்தேன். கதவில் பழைய பூட்டு துருவேறி அப்படியே தொங்கியது. கூரையில் ஒரு மூலையில் ஓடு பிரித்திருந்தது, சுவரில் ஒரு ஏணி சாய்ந்திருந்தது. இத்தனை வருஷமாக இந்த மனுஷன் ஏணி வைத்துக் கூரை மேலே ஏறி, ஓட்டைப் பிரித்து உள்ளே குதித்துத்தான் மோட்டார் போட்டிருக்கிறார். பூட்டை உடைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அதெப்படிங்க தம்பி? பூட்டுல பாதி அவனுதுங்களே."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பைத்தியத்திலும் அந்த வீட்டில் பாதிப்பாதிதான். நிலக்கடலை விஷயத்தைப் பற்றிப் பெரியவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். வாழை காயறதப் பாத்துட்டுப் புத்தி கெட்டுப் போச்சு என்றார். தம்பி எழுந்துபோய், எண்ணெயில் மினுங்கும் சாவியைப் பூட்டில் போட்டார். பூட்டு திறக்க மறுத்தது. குட்டன் கல்லால் தட்டிக்கொடுத்தான். கதவு திறந்தபோது பெரியவர் சிரித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சுந்தரத்தின் சேவையை ஆறு பங்காக வைத்தார் அண்ணன். தின்றுகொண்டே பெரியவரிடம் கதையைப் பற்றி அபிப்பிராயம் கேட்டோம். அவர் கேட்டது கடைசிப் பாகத்தில் முக்கால்தான். இருந்தாலும் ஒரு அபிப்பிராயம் வைத்திருந்தார்.

"அந்தாளு சாவியத் தபால்ல போடாம நேர்ல கொண்டாந்து குடுத்திருந்தா ஒருத்தனும் செத்திருக்கமாட்டானுங்க" என்றார்.

ஐந்து வாரம் கேன்டீனில் கத்திய நாங்கள் யாரும் இதை யோசிக்கவில்லை. தனக்கு முதலிலிருந்து எல்லாப் பாகமும் வேண்டும் என்றும் கேட்டார். எங்களுக்கு முடிவு வேண்டுமே. அண்ணன் ஆறாவது பாகத்தைத் தாள் எண்ணிச் சரிபாதியாகப் பிரித்தார். முன்பாதி எங்களுக்கு, பின்பாதி பெரியவருக்கு. அடுத்த ஞாயிறு பெரியவர் அந்தப் பாதியோடு லாட்ஜுக்கு வந்தார், முதல் பாகத்தை வாங்கிக்கொண்டு போனார். ஒரு ஞாயிறு அண்ணன் எலப்புள்ளி போவதும் மறு ஞாயிறு பெரியவர் இங்கே வருவதுமாகக் கதை முடிந்தது. அந்தக் கார்த்திகையில் அண்ணன் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பிப் போனார். போகும்போது பல்பைக் கழற்றி என் தலைமாட்டில் மாட்டிவிட்டுப் போனார்.

எத்தனையோ புத்தகம் படித்துவிட்டேன். இன்றைக்கும் ஒரு புத்தகத்தை முழுசாகக் கையில் எடுத்தால் யாருடைய பங்கையோ சேர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது, நடுப்பக்கம் வந்ததும் அண்ணன் எங்கே என்று மனசு தேடுகிறது.