டெண்டர் சார் வாங்க நினைத்த பெட்டி

கடைக்குப் போனோமா, பொருளை வாங்கினோமா, வீடு வந்தோமா என்று இருக்கத் தெரியாத ஒரே ஜீவன் இந்தப் பூமியில் எங்கள் டெண்டர் சார்தான். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பு. அவர் மாடிவீடு, நான் கீழ்வீடு. வாசல் பலகையில் அவருக்கு வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது. அதைத் தபால்காரர் மட்டும் படித்தார் என்று நினைக்கிறேன்.

ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் முதல் பாதி, பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் யானை கனத்துக்குச் சம்மட்டி விழும் பட்டறையில். பின்பாதி கொள்முதல் பிரிவில். பட்டறையை அங்கேயே விட்டுவிட்டார். கொள்முதல் பிரிவை மட்டும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்! அங்கே குண்டூசி வாங்கினாலும் தேவைக் குறிப்பு, மூன்று கொட்டேஷன், டெக்னிக்கல் கமிட்டி, நிதிப் பிரிவின் ஒப்புதல் என்று ஃபைல் நகர வேண்டுமாம். வீட்டில் காய்கறி தவிர எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான். நிதிப் பிரிவு அவர் மனைவி சரோஜா அக்கா. டெக்னிக்கல் கமிட்டி நானும், தெருமுனை எலெக்ட்ரீஷியன் ஏழுமலையும். எங்களை யாரும் கேட்டு நியமிக்கவில்லை.

ஒரு சித்திரை மாதம் அவர் வீட்டு ஹால் ஃபேன் நின்றுபோனது. ஏழுமலை ஏணியோடு வந்து நின்றார்.

“ரேட்டை எழுதி, கவர்ல போட்டு, ஒட்டிக் குடுங்க ஏழுமலை.”

“இன்னா சார், காயில் போயிக்கீது. அரை மணில சுத்த வுட்டுர்றேன். அதுக்கு இன்னாத்துக்கு கவரு?”

“ஒத்தைக் கவரைப் பிரிக்கக் கூடாதுப்பா. மூணு வரணும்.”

மற்ற இரண்டு கவர்களுக்காக மனிதர் அம்பத்தூருக்கும் கொரட்டூருக்கும் வெயிலில் அலைந்தார். ஒன்பதாம் நாள் கமிட்டி முன்னிலையில் கவர்கள் பிரிக்கப்பட்டன. ஏழுமலைதான் குறைந்த விலை. அரை மணியில் ஃபேன் சுற்றியது. அதற்குள் சரோஜா அக்காவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.

இப்படிப்பட்டவருக்கு ஓய்வுக்குப் பிறகு பாட்டுப் பைத்தியம் பிடித்தது. பிடித்ததும் சும்மா கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? இணையத்தில் ஒலிப்பெட்டிப் பிரியர்கள் குழு ஒன்றில் போய் விழுந்தார். அங்கே எவனோ டி.ஏ.சி. என்று ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லிக் கெடுத்துவிட்டான்.

“போன்ல இருக்கறது பாட்டே இல்ல சார், வெறும் நம்பர்” என்றார் என்னிடம், துக்கச் செய்தி சொல்கிற முகத்தோடு. “அந்த நம்பரைக் காதுக்குக் கேக்கற ஒலியா மாத்தறதுதான் டி.ஏ.சி. நம்ம போனுக்குள்ள இருக்கறது நகக்கண் சைஸ். இறக்குமதிப் பெட்டி வந்தா வீணைக் கம்பி அதிர்றது தனியாத் தெரியும்.”

“இப்ப தெரியலையா?”

“எல்லாம் மூட்டமா இருக்கு சார். துணியப் போட்டு மூடினாப்ல. சாதாரண டி.ஏ.சி. அப்படித்தான் இருக்கும்.”

வாங்கலாமா, வேண்டாமா என்று மூன்று வருடம் யோசித்தார். மூன்று வருடத்தில் ஒரு கல்யாணம் பேசி, முடித்து, பேரனுக்கு மொட்டை போட்டுவிடலாம். இவர் ஃபைலைத் தடிமனாக்கிக்கொண்டிருந்தார். நிதிப் பிரிவும் லேசுப்பட்டதில்லை. ‘இருக்கும் சாமான் நன்றாகத்தானே பாடுகிறது?’ என்று அக்கா ஃபைல் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவார். இவர் நாலு பக்கம் பதில் எழுதுவார். ‘வெளிநாட்டுப் பெட்டி ரிப்பேரானால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?’ என்று அடுத்த கேள்வி வரும். அக்காவுக்குக் கை இறுக்கம் என்றே நினைத்தேன். பத்திரிகையில் நான் எழுதும் நகைச்சுவைப் பத்தியில் அப்படியே எழுதியும் தொலைத்தேன்.

கடைசியில் போன வருடம் ஒரு கடைக்காரர், இவர் போன் தொல்லை தாங்காமல், ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் என்று பெட்டியைக் கொடுத்தனுப்பினார். பார்ப்பதற்கு டிபன் டப்பா. ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டி கூடியது. ஹாலின் குறுக்கே கொடி கட்டி பெட்ஷீட் தொங்கியது. அதன் பின்னால் ஏழுமலை. ஸ்பீக்கருக்குப் பாட்டை ஒரு தடவை போனிலிருந்து நேராகவும், ஒரு தடவை புதுப் பெட்டி வழியாகவும் அவர் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். எது எது என்று சொல்லக் கூடாது. எங்கள் கையில் மதிப்பெண் தாள். தெளிவு, ஆழம், காற்றோட்டம் என்று கட்டம் போட்டிருந்தார்.

“காற்றோட்டமா? இது என்ன சார், வாடகைக்கு வீடா பாக்கறோம்?” என்றேன்.

“கேட்டா உங்களுக்கே புரியும். பேசாம எழுதுங்க.”

இரண்டு சுற்று முடிந்தது. எனக்கு ஒரு எழவு வித்தியாசமும் தெரியவில்லை. வாத்தியாராக இருந்து பரீட்சைப் பேப்பர் திருத்திய பழக்கத்தில் குத்துமதிப்பாக மார்க் போட்டேன். மூன்றாவது சுற்றில் பாட்டோடு சேர்ந்து ‘கீ’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. ஊசியைக் காதுக்குள் விட்டுத் திருகுகிற சத்தம். நான் தாளைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். சரோஜா அக்கா கரண்டியோடு அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். கீழே காவலாளியின் நாய் ஊளையிட ஆரம்பித்தது.

டெண்டர் சார் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்படியே கண்ணைத் திறந்து, தெளிவு என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டார்.

ஏழுமலை பெட்ஷீட்டை விலக்கினார். “சார், ஒயரு லூசா கீது. காதப் பொளக்குது. உனுக்கு கேக்கல?”

“என்னது?”

“கீன்னு கத்துது சார்.”

“எங்க?”

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மூன்று பேர் காதில் கை. அவர் கையில் மட்டும் பேனா. ஏழுமலை ஒயரைப் பிடுங்கினார், சத்தம் நின்றது. நின்றதும் அவருக்குத் தெரியவில்லை.

சரோஜா அக்கா அவருக்கு நேர் எதிரே வந்து நின்றார். அப்போதுதான் கவனித்தேன், அக்கா எப்போதும் இப்படி முன்னால் வந்து நின்றுதான் அவரிடம் பேசுவார்.

“மூணு வருசமா இப்படித்தாங்க. குக்கர் விசில் கேக்கல, காலிங் பெல் கேக்கல. பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறீங்க.”

“ஏன் சொல்லல?”

“பாட்டு ஒண்ணுதான் உங்களுக்குன்னு இருக்கு. அந்தப் பெட்டியும் வந்து, அப்பவும் மூட்டமாத்தான் இருக்குன்னா, குறை எங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சுபோயிருமே. அதான் கேள்வியா எழுதி ஃபைலை இழுத்தடிச்சேன்.”

இந்தப் பெண்பிள்ளையைத்தான் கஞ்சம் என்று நான் அச்சில் ஏற்றியிருந்தேன். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்து கீழே வந்துவிட்டேன்.

பத்து நாள் மாடியில் பாட்டுச் சத்தமே இல்லை. பெட்டி கடைக்கே திரும்பிப் போனது. காதில் மெஷின் மாட்டினால் ஊர் சிரிக்கும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பதாக அக்கா வந்து சொன்னார். “நீங்க கமிட்டிதானே, நீங்க வந்து சொல்லுங்க” என்றார். சிரிக்கப்போகிற ஊர் பெரும்பாலும் நான் ஒருவன்தான். அதனால் நானே கூடப் போனேன்.

காது பரிசோதித்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பட்டறைச் சம்மட்டிதான் கீச்சுச் சத்தங்களைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது, ஆனால் கருவி உதவும் என்றார். கடலைப் பருப்பு அளவில் ஒன்றைக் காட்டினார். “வெளிச்சத்தத்தை நம்பரா மாத்தி, உங்க காதுக்கு எது குறையுதோ அதைக் கூட்டி, திரும்பவும் சத்தமா மாத்திக் குடுக்கும் சார்.”

டெண்டர் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப உள்ள ஒரு டி.ஏ.சி. இருக்கா?”

“இருக்கு சார்.”

“இறக்குமதியா?”

“ஆமா.”

“மூணு வருசம் வீணாப் போச்சே சார்” என்றார் என்னைப் பார்த்து. அன்றைக்கே வாங்கினார். கொட்டேஷன் இல்லை, கவர் இல்லை. அவர் சரித்திரத்தில் அப்படி நடந்ததே கிடையாது. மாட்டியதும் அக்கா பழக்கதோஷத்தில் எதிரே வந்து நின்று, “கேக்குதாங்க?” என்று சத்தமாகக் கேட்டார். “மெதுவாப் பேசு சரோ” என்றார் இவர். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் டெண்டர் சார் என் வீட்டுக்கு வந்தார், ஃபைலோடு. கொட்டேஷன் கேட்காமல் ஒரு பொருளை வாங்கினால் அவசரத்துக்கான காரணத்தை எழுதி, கமிட்டி கையெழுத்துப் போட வேண்டுமாம். ஏழுமலை ஏற்கெனவே போட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் அவருடைய மணிமணியான கையெழுத்தில் ஒரு வரி இருந்தது.

‘மூன்று வருடமாக சரோஜா பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. இனிமேல் ஒரு நாள்கூடத் தாமதிக்க இயலாது.’

பத்து வருடமாக இந்த மனிதரைக் கேலி செய்து எழுதியே பேர் வாங்கியவன் நான். கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஃபைலைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.