செயின் இல்லாத மெயில்

அந்த ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துநாயகம் பெரிய முடிவொண்டு எடுத்தார். இனி சொந்த மனிசியோடை ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் கதைக்கிறது.

கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருசம். மல்வேர்னிலை ஒரே வீடு. ஆனா அவர் விடிய பஸ் பிடிக்கேக்கை மனிசி றெஜினா நித்திரை. அவர் பின்னேரம் திரும்பேக்கை அவ முதியோர் இல்லத்திலை வேலை. லீவு நாளிலை அவ பிறம்ரனிலை மகள் வீட்டை. குடும்பம் நடந்தது பிரிட்ஜ் கதவிலைதான். "மீன் குழம்பு கிடக்கு" எண்டு அவ எழுதி ஒட்டுவா. கீழை "சரி" எண்டு இவர் எழுதுவார்.

பின்னேரம் ஆறரைக்கு அவவுக்கு வேலையிலை சாப்பாட்டு நேரம். போன் எடுத்தா, "சாப்பிட்டியளோ? சரி, வைக்கிறன்." பத்தொன்பது செக்கன். மனுசன் பாத்து வைச்சிருந்தவர்.

அவருக்கு மியூசியத்திலை காவல் வேலை. பழைய காலத்துப் போர்க்கவசம் வைச்ச அறை. உள்ளுக்கை ஆளில்லாத இரும்பு மனுசர் பதினாலு பேர். வீட்டோடை பாக்கேக்கை அங்கை சனம் கூட. ஒன்பது வருசத்திலை ஒவ்வொரு துண்டின்ரை சரியான பேரும் அவருக்குப் பாடம். ஆராவது பிழையாச் சொன்னா உடம்பெல்லாம் கடிக்கும்.

அதிலைதான் திட்டம் பிறந்தது. மியூசியத்திலை குடும்ப தினம் வருகுதாம். மனிசிமாருக்குக் கவசப் பேர் போட்டியாம். முதல் பரிசு நயாகராவிலை ரெண்டு நாளாம். எல்லாம் அவர் விட்ட சுத்தப் பொய். பேரெல்லாம் போனிலை படிப்பிக்கிறன் எண்டார். றெஜினா கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, ஆறரைக்கு எடுங்கோ எண்டா.

"வளையம் வளையமாப் பின்னின இரும்புச் சட்டைக்கு என்ன பேர்?"

"செயின் மெயில்."

"செயின் வேண்டாம். வெறும் மெயில்."

"இருபத்தெட்டு வருசமா நீங்கள் அதைத்தானே சொல்லுறியள்."

கழுத்திலை ஒரு செயினும் இல்லாமல் கலியாண வீடுகளுக்குப் போற மனிசி. அவர் கெதியாக் கால் கவசத்துக்குத் தாவினார். முழங்காலுக்குக் கீழை போடுறது கிறீவ். அவ கிறேவி எண்டா. கைக்குப் போடுறது கோன்ற்லெட். அவ ஒம்லெட் எண்டா. அடுத்த நாளும் கிறேவி, ஒம்லெட், செயின் மெயில். இவர் பெருமூச்சு விட்டார். உள்ளுக்கை சந்தோசம். இப்பிடி மக்கு மாணவி கிடைக்கக் குடுத்து வைக்கோணும். ஒரு கிழமைப் பாடம் ஒரு மாசமாப் போச்சு. தண்ணிச் சாடியிலை போனைச் சாத்தி வைச்சு அவரும் ஆறரைக்கே சாப்பிடப் பழகினார்.

ஒரு சனிக்கிழமை மோர்னிங்சைட் மரக்கறிக் கடையிலை மெலனி அவரைக் கண்டாள். றெஜினாவோடை வேலை செய்யிற பிள்ளை.

"அங்கிள், அன்ரிக்கு இப்ப எந்த நேரமும் கவசக் கதைதான், எங்களை வாயே திறக்க விடுறா இல்லை. நாங்கள் செயின் மெயில் எண்டா உடன திருத்துவா. கிறீவ், கோன்ற்லெட், காலுக்குப் போடுற இரும்புச் சப்பாத்து சபற்றன் வரைக்கும் தெரியும். She's like, an expert."

கிறிஸ்துநாயகத்தின்ரை கையிலை இருந்த முருங்கைக்காய் அப்பிடியே நிண்டுது. சபற்றன் பாடம் அவர் இன்னும் எடுக்கேல்லை.

ஆறரைக்குப் போன் எடுத்தார்.

"இஞ்சேரும், உமக்கு எல்லாம் தெரியுமாமே. சபற்றன் எங்கை படிச்சனீர்?"

"நூலகத்திலை புத்தகம் எடுத்தனான்."

"அந்தப் போட்டி..."

"போட்டி இல்லையெண்டு முதல் நாளே தெரியும். மியூசியத்துக்குப் போன் எடுத்துக் கேட்டனான்."

"அப்ப ஏன் ஒரு மாசமாப் பிழை பிழையாச் சொன்னனீர்?"

அந்தப் பக்கத்திலை கரண்டிச் சத்தம் நிண்டுது.

"சரியாச் சொன்னா நீங்கள் போனை வைச்சிடுவியள்."

அவர் போனை வைக்கேல்லை. தனக்குத் தெரிஞ்சதைக் கேட்டார்.

"சரி, கடைசிக் கேள்வி. தகட்டுக் கவசத்தைப் பிளேட் மெயில் எண்டு சனம் சொல்லுறது சரியோ?"

"பிழை. பிளேட் வேறை, மெயில் வேறை. நான் எழுதின மெயில் பிரிட்ஜிலை ஒட்டிக் கிடக்கு. பிளேட் எல்லாம் சிங்கிலை கிடக்கு, கழுவி வையுங்கோ."