புக்கு சாரும் மலைச் சந்தாவும்

உலகத்திலேயே ஓர் ஆராய்ச்சி இதழின் ஆசிரியர், கட்டுரைக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஜீப்பின் பின்கம்பியில் தொங்கியபடி மலை ஏறினார் என்றால், அது எங்கள் புக்கு சார் ஒருவர்தான். மற்ற ஆசிரியர்களுக்கு நாற்காலி இருக்கும், அறை இருக்கும். இவருக்கும் திருப்பத்தூரில் ஒரு மாடி அறை இருந்தது. அதில் நான் இருந்தேன், பக்கம் வடிவமைக்க. அவர் இருந்தால்தானே!

அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றபோது அதைப் போட்டுத்தான் மாலை மரியாதை செய்தார்கள். அதோடு சரி. மேலே மலையில் புதூர்நாட்டுக்காரர்கள் எல்லாம் 'புக்கு சாரு' என்று கூப்பிட, கடைசியில் கரண்ட் பில்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

மலைப் பயிர்களைப் பற்றிய இதழ் அது. சந்தா கட்டும் கல்லூரி நூலகங்களுக்கு மட்டும் பாதிக் கட்டுரை. மீதிப் பாதியை இணையத்தில் யார் வேண்டுமானாலும் சும்மா படிக்கலாம். பெரிய பெரிய இதழ்களும் இப்படிக் கலந்துதான் நடத்துகின்றன. ஆனால் அங்கே, எழுதியவர் கட்டணம் கட்டினால்தான் கட்டுரை எல்லோருக்கும் திறக்கும். அதைச் சொன்னாலே சாருக்குக் கோபம் வந்துவிடும்.

"எழுதினவன்கிட்டயே காசு புடுங்கறதா? நாம வேற மாதிரி பண்ணுவோம்மா!"

அந்த வேற மாதிரிதான் வினை. ஏற்றுக்கொண்ட கட்டுரைகளை எல்லாம் மலைக்குக் கொண்டுபோய் ஊர்க்காரர்களுக்குத் தமிழில் படித்துக் காட்டுவார். அவர்கள் "தெரியும்" என்றால் கட்டுரை இலவசம். "அவங்களுக்குத் தெரிஞ்சத நாம எப்படிம்மா விக்கிறது?" என்பார். "தெரியாது" என்றால் சந்தாதாரர் பக்கம் போகும்.

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் மலையில் எல்லாவற்றுக்கும் "தெரியும்" என்றார்கள். சாமை விதைப்பா? தெரியும். புளியம்பூவா? தெரியும். பலாவின் மரபணுவை யாரோ பிரித்து எழுதியிருந்தார். வாயில் நுழையாத பெயர்கள். அதற்கும் ஒரு பெரியவர், "தெரியும்ங்க, போன மாசம்கூடப் பாத்தேன்" என்றார். சாருக்கு ஒரே பூரிப்பு. "பாத்தியாம்மா!" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பாதிக்குப் பாதி இருந்தது போய், முழு இதழுமே இலவசமாகிவிட்டது. ஒரு நூலகர் போனில் கேட்டார்: "சார், எல்லாமே சும்மா கெடைக்குதே, அப்புறம் நாங்க எதுக்குச் சந்தா கட்டணும்?"

"நல்ல கேள்வி!" என்று பாராட்டிவிட்டு போனை வைத்தார் சார்.

நூலகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. சாரின் பென்ஷனும் இதழுக்குள்ளேயே போய் மறைந்தது. "அடுத்த இதழோட நிறுத்திடலாம்மா" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார்.

இதை விடக்கூடாது என்று மறுமுறை மலைக்குப் போனபோது சின்னபொண்ணு அக்காவைத் தனியாகப் பிடித்தேன். கட்டுரை வாசிப்பு நடப்பதே அவர் வீட்டு வாசலில்தான்.

"ஏங்கா, நெஜமாவே எல்லாம் தெரியுமா?"

"இன்னா கண்ணு நீ! தெரியாதுன்னா அவரு மொதல்லர்ந்து ஆரம்பிக்கிறாரு. களி ஆறிப் போவுது. வயசான மனுசன், பசியோட நிக்கிறாரு. தெரியும்னா முடிச்சிட்டு சாப்புட ஒக்காருவாரு இல்ல?"

அடக் கடவுளே! ஓர் ஆராய்ச்சி இதழின் கொள்கையே களி ஆறக்கூடாது என்பதில் நின்றுகொண்டிருந்தது. நான் சந்தாக் கதையை விளக்கினேன். விற்க ஒன்றும் இல்லாவிட்டால் இதழ் நின்றுவிடும் என்றேன்.

"நின்னுட்டா, அவரு இங்க வரமாட்டாரா?"

"எதுக்குக்கா வரப்போறாரு?"

அக்கா அதற்கப்புறம் பேசவில்லை. ஆனால் ஊர் முழுக்கப் பேசியிருக்கிறார். அடுத்த வாசிப்பில் எதைக் கேட்டாலும் "தெரியாதுங்க!" பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில். சார் மிரண்டுபோனார். தானியம் கொட்டிவைக்கும் மண் குதிர் பற்றிய கட்டுரையை எடுத்தார்.

"இது எப்படியும் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியாதுங்க" என்றார் சின்னபொண்ணு அக்கா.

"உன் பின்னாடி ஆள் ஒசரத்துக்கு நிக்குதே, அது இன்னாம்மா?"

அக்கா திரும்பிப் பார்த்தார். "அதுவா... யாரோ வெச்சிட்டுப் போய்ட்டாங்க சாரு."

சார் வெடித்துச் சிரித்தார். ஊரே சிரித்தது. சிரித்து முடித்து என்னைப் பார்த்தார் பாருங்கள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இவங்களப் பொய் சொல்ல வெச்சு வர்ற சந்தா நமக்கு வேணாம்மா" என்றார். அந்தக் கடைசி இதழையும் முழுதாகத் திறந்துவிடச் சொன்னார். இறங்கும்போது ஜீப்பில் உட்கார இடம் கிடைத்தும் பின்கம்பியில் தொங்கியபடியே வந்தார்.

கடைசி இதழுக்கு நான் பக்கம் போட்டுக்கொண்டிருந்த அன்று, மாடிப்படியில் தடதடவென்று சத்தம். சின்னபொண்ணு அக்காவும் ஊர்க்காரர்களும் புளி மூட்டைகளோடு மூச்சு வாங்க நின்றார்கள்.

"இது இன்னாது?" என்றார் சார்.

"சந்தா."

"அட, உங்களுக்குத்தான் எல்லாம் சும்மாவாச்சே! படிக்கக் காசு வேணாம்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"படிக்கறதுக்கு யாரு குடுத்தா?" என்றார் அக்கா. "நீங்க மலைக்கு வர்றதுக்கு சாரு."

சார் எதையாவது சொல்லி மடக்குவார் என்று பார்த்தேன். அவரோ நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஆளாளுக்குத் தனித்தனியா ரசீது போடும்மா. சந்தாதாரர்னு எழுது" என்றார்.

புளி விற்றது இணையதளக் கட்டணத்துக்கு ஆனது. என் சம்பளத்துக்கு ஆகவில்லை. அதை அவரும் மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை. சாயங்காலம் வேறொரு கடையில் கணக்கு எழுதிப் பிழைத்துக்கொள்கிறேன். பகலெல்லாம் அவர் இதழுக்குத்தான் பக்கம் போடுகிறேன். இந்த மனுஷரை விட்டுவிட்டு நான் எங்கே போவேன், சொல்லுங்கள்?