புதினம் மிஸ்ஸின் இரண்டாம் பக்கம்

யாழ்ப்பாணத்தில் யுத்தம் நடந்த அந்த நாளில், குண்டு போடும் பொம்பருக்குப் பயப்படாத வாத்தியார்மாரை எனக்குத் தெரியும். தலைக்கு மேலே அது இரையும்போதும் கரும்பலகையில் கணக்கை முடித்துவிட்டு ஆறுதலாக வெளியே வந்தவர்கள் உண்டு. ஆனால் புதினம் மிஸ்ஸின் பாராட்டுக்குப் பயப்படாத ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

மிஸ் எங்கள் வட்டாரக் கல்வி அதிகாரி. உடுவில் பக்கம் தனியாக இருந்தார். பத்தொன்பது பள்ளிக்கூடங்கள் அவருக்குக் கீழே. நான் அவருடைய இலிகிதர்; கடிதமும் கோப்பும் என் வேலை. அலுவலகம் முழுவதற்கும் நாங்கள் இரண்டு பேர்தான். பழைய கட்டடம் ஷெல் விழுந்து இடிந்த பிறகு மானிப்பாயில் ஒரு வீட்டின் முன் அறைக்கு வந்திருந்தோம். எங்களோடு தப்பி வந்த ஒரே சொத்து, கையால் சுற்றிப் பிரதி எடுக்கும் ஒரு ரோணியோ இயந்திரம். கரண்ட் நின்றுபோன ஊரில் எங்களிடம் இருந்தது கரண்ட் கேட்காத இயந்திரம் என்பதில் மிஸ்ஸுக்குப் பெரிய பெருமை.

மாதம் ஒரு முறை எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் சுற்றுநிருபம் அனுப்புவோம். முதல் பக்கத்தில் மேலிடத்து உத்தரவுகள் இருக்கும். இந்தப் படிவத்தை நிரப்பு, அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பு. அதை ஒருவரும் வாசிப்பதில்லை. இரண்டாம் பக்கம் மிஸ் தானாகத் தொடங்கியது. தலைப்பு 'ஊர்ப் புதினமும் பாராட்டும்'. புதினம் என்றால் எங்கள் ஊரில் செய்தி; அவருக்குப் புதினம் மிஸ் என்று பெயர் விழுந்தது அதனால்தான். சேலைத் தொங்கல் சில்லுக்குள் போகாதபடி உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றைக் குத்திக்கொண்டு, கிழமை முழுக்கச் சைக்கிளில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் திரிந்து அவர் சேர்த்த சமாச்சாரங்கள் அதில் வரும்.

உதாரணத்துக்கு ஒன்று: "கணித ஆசிரியர் சோக்கட்டி முடிந்துபோக, மரவள்ளிக் கிழங்கை வெட்டிக் காயவைத்துக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தார். எழுதவில்லை. முயற்சிக்குப் பாராட்டு." இன்னொன்று: "பள்ளிக் கிணற்றில் விழுந்த ஆட்டை உயர்தர வகுப்பு மாணவர் மீட்டனர். ஆட்டின் சொந்தக்காரர் வேலி அடைக்க நூறு கிடுகு தந்தார். ஆடு நலம்."

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆசிரியையைப் பற்றி 'சிறந்த சேவையாற்றிய' என்று தட்டச்சில் அடித்துவிட்டேன். மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உது என்ன?"

"பாராட்டு எண்டால் அப்பிடித்தானே மிஸ் எழுதிறது."

"சிறந்த சேவை எண்டது ஆருக்கும் பொருந்தும். அப்பிடியெண்டால் ஆருக்கும் பொருந்தாது. அந்த ரீச்சர் என்ன செய்தவ எண்டு எழுதும்."

அந்த ரீச்சர் செய்தது, கொப்பி இல்லாமல் வந்த பிள்ளைக்குத் தன் கலியாணப் பட அல்பத்தின் நடுவிலிருந்த வெற்றுத் தாள்களைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தது. அதை எழுதினோம். அதற்குப் பிறகு நான் 'சிறந்த' என்ற சொல்லை அடித்ததில்லை. இன்றும் எழுத வரும்போது கை கூசுகிறது.

ஒருமுறை மிஸ் எழுதினார்: "கடும் மழையில் விஞ்ஞான ஆசிரியர் தம் ஒரே குடையில் சக ஆசிரியையை பஸ் தரிப்பிடம் வரை கொண்டுபோய் விட்டார். பாராட்டு." மூன்றாம் நாள் அந்த ஆசிரியையின் தகப்பனார் சுற்றுநிருபத்தை ஏந்திக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்.

"மிஸ், உந்த வரியை மாத்தி எழுதுங்கோ."

"எதை மாத்திறது? மழையையோ, குடையையோ?"

"ஊர் என்ன கதைக்கும்?"

"ஐயா, நான் பின்னாலை சைக்கிளிலை வந்தனான். அந்தப் பெடியன்ரை ஒரு பக்கத் தோள் முழுக்க நனைஞ்சிருந்தது. உங்கடை மகளிலை ஒரு துளி படேல்லை. நான் கண்டது அதைத்தான்."

தகப்பனார் சுற்றுநிருபத்தை மடித்தார். பிறகு, "முழுக்க நனைஞ்சதோ?" என்று கேட்டார். அடுத்த தையில் கலியாணம். மிஸ்ஸுக்கு முதல் அழைப்பிதழ்.

எல்லாம் இப்படிச் சுபமாக முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. எங்கள் வட்டாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓர் அதிபர், அதாவது தலைமை ஆசிரியர், இருந்தார். பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டு பாடம் முடியும்போதுதான் அவருடைய மோட்டார் சைக்கிள், பெற்றோல் இல்லாத காலத்து மண்ணெண்ணெய்ப் புகையோடு, வாசலுக்கு வரும். மிஸ் பலமுறை கதைத்தும் பார்த்தார், கடிதமும் கொடுத்தார். கடைசியில் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி போட்டார்: "செவ்வாய்க்கிழமை அதிபர் முதல் மணிக்கு முன்னரே பள்ளியில் இருந்தார். பாராட்டு."

மேலே பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. பத்தொன்பது பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறைகளிலும் அன்று ஒரே சிரிப்பு. அதிபரின் சொந்த மனைவியே, "மற்ற நாளெல்லாம் விடிய வெள்ளெனப் போறீங்களே, எங்கை போறனீங்கள்?" என்று கேட்டாராம். அவர் நேரே தலைமை அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கடதாசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் அரசாங்கக் கடதாசியில் ஊர்க்கதை அச்சிடுவது முறையல்ல, இரண்டாம் பக்கம் உடனே நிறுத்தப்பட வேண்டும் என்றது. மிஸ் அதை இரண்டு தரம் வாசித்தார். நான் நிம்மதியாக, இரண்டாம் பக்கம் அடிக்க எடுத்த ஸ்டென்சில் தாளைத் திரும்ப அலுமாரிக்குள் வைக்கப் போனேன்.

"வையாதேயும். இரண்டாம் பக்கத்துக்கு வேணும்."

அந்த மாத இரண்டாம் பக்கத்தில் முதல் பாராட்டு இதுதான்: "இந்தப் பக்கத்தை நிறுத்தச் சொல்லும் கடிதம், வீதி மூடியிருந்தும் மூன்றே நாளில் வந்து சேர்ந்தது. வழியில் ஹெலிகொப்டர் சுட்டபோது தபால்காரர் பையை அணைத்தபடி மதகின் கீழ் ஒரு மணித்தியாலம் இருந்தார். அவருக்குப் பாராட்டு. கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. அதை எழுதியவருக்கும் பாராட்டு."

"மிஸ், நக்கல் எண்டு நினைக்கப் போகினம்."

"மேலிடத்திலையிருந்து பிழையில்லாமல் ஒரு கடிதம் வந்தது இந்த வருசம் இதுதான் முதல். அதைச் சொல்லாமல் விடுறதோ?"

அவர்கள் நக்கல் என்றே நினைத்தார்கள். விசாரணை வைத்தார்கள்.

விசாரணை அதிகாரி அமைதியான மனிதர், மடிப்புக் குலையாத சட்டை. எங்கள் முன் அறையில் காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தார். சாட்சியாக அந்த அதிபர். பதிவு எழுத நான். மிஸ் தன் நாற்காலியை அதிகாரிக்குக் கொடுத்துவிட்டு மர வாங்கில் இருந்தார்.

"மிஸ்," என்றார் அதிகாரி, "உங்களுக்கு அடுத்த மாசம் ஐம்பத்தைந்து வயசு முடியுது. சேவை நீடிப்புக்குக் கேட்டிருக்கிறியள். இனி எழுதமாட்டன் எண்டு ஒரு கடிதம் தாங்கோ. நான் உந்த விசாரணையை இந்த இடத்திலேயே முடிச்சுவிடுறன்."

நீடிப்பை மிஸ் எவ்வளவு விரும்பினார் என்பது எனக்குத் தெரியும். "பள்ளிக்கூடம் இல்லாட்டி விடியக் காலமை எழும்பி நான் எங்கை போறது?" என்று அந்தக் கிழமைதான் கேட்டிருந்தார். கேட்டுவிட்டு, பதில் வேண்டாதவர் போல ஜன்னலைத் திறக்கப் போய்விட்டார்.

"நீடிப்பு நீங்கள் குடுக்கிறது," என்றார் மிஸ். "குடுங்கோ, குடாமல் விடுங்கோ. பாராட்டு நான் குடுக்கிறது. அதிலை நீங்கள் கை வையாதேங்கோ."

அதிகாரி அதிபரிடம் திரும்பினார். "மிஸ் எழுதினது பொய்யோ?"

"பொய்யில்லை சேர். செவ்வாய்க்கிழமை நான் நேரத்துக்கு வந்தனான்."

"பிறகென்ன முறைப்பாடு?"

"மற்ற நாலு நாளையும் பற்றி ஊர் கேக்குது சேர்."

அந்த நேரத்தில்தான் பொம்பர் சத்தம் கேட்டது. வீட்டு வளவுக்குள் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர் ஒன்று இருந்தது. அதிபர் கதிரையில் இருந்ததையும் கண்டேன், அடுத்த கணம் பங்கருக்குள் இருந்ததையும் கண்டேன். நடுவில் ஒன்றையும் காணவில்லை. விசாரணை அதிகாரி வாசலில் நின்று, "மிஸ் இறங்குங்கோ, தம்பி இறங்கும்," என்று எங்கள் இரண்டு பேரையும் விட்ட பிறகே தான் இறங்கினார்.

"விசாரணையைப் பிறகு வைப்பம்," என்றார் மூச்சு வாங்க.

"வேண்டாம்," என்றார் மிஸ். "தம்பி, எழுதும். நேரம் பத்து இருபது. விசாரணை பங்கருக்குள்ளை தொடருது."

நான் விசாரணைக் கோப்பைத் தலைக்கு மேல் பிடித்திருந்தேன். அதை இறக்கி எழுதினேன். தூரத்தில் ஒன்று விழுந்தது. மண் பொலபொலவென்று கொட்டியது. அதிகாரியின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"மிஸ், விசாரணைக்கு இல்லை, உண்மையாக் கேக்கிறன். உந்தப் பாராட்டு என்னத்துக்கு?"

மிஸ் சேலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"நீங்கள் வந்த வழியிலை கரண்ட் கம்பங்களைப் பாத்தனீங்களோ? கரண்ட் இல்லை. ஆனால் கம்பத்துக்குக் கம்பம் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருக்கு. அதுக்குக் கடதாசி கிடைக்குது. செத்தவுடனை அவர் பண்பானவர், இவ தங்கமானவ எண்டு அடிக்கினம். என்ரை ரீச்சர்மார் சம்பளம் பிந்தினாலும் வருகினம். பிள்ளையள் பாதி வராட்டியும் மணி அடிக்கினம். அவை உயிரோடை இருக்கேக்கை, அவை வாசிக்கிற மாதிரி, ஒரு வரி எழுதினால் அது குற்றமோ? குற்றமெண்டால் எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."

பொம்பர் போய்விட்டது. வெளியே ஒரு காகம் கத்தத் தொடங்கியது. ஒருவரும் எழும்பவில்லை. அதிபர் மட்டும் மெதுவாக, "நான் இப்ப புதன்கிழமையும் நேரத்துக்கு வாறனான் மிஸ்," என்றார்.

"கண்டனான்," என்றார் மிஸ்.

இரண்டு கிழமையில் முடிவு வந்தது. விசாரணை அதிகாரி நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் முடிவு எடுத்தவர்கள் எங்கள் பங்கருக்குள் இருக்கவில்லை. நீடிப்பு இல்லை. இரண்டாம் பக்கத்துக்கு இனிக் கடதாசி இல்லை. மிஸ் கடிதத்தை மடித்து வைத்தார். அன்று மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. நாலு மணிபோல, "கடதாசியிலைதானே வேண்டாம் எண்டிருக்கினம்," என்றார்.

அடுத்த நாள் தொடங்கினார். காலைப் பிரார்த்தனை முடியும் நேரத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் போய் இறங்குவார். ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று இரண்டாம் பக்கத்தை வாயால் சொல்லுவார். கையில் துண்டுக் கடதாசி கிடையாது. அந்த அதிபரின் பள்ளிக்கூடத்தில் அவர் சொன்னதை நானே கேட்டேன். "விசாரணைக்கு வந்த அதிகாரி, பொம்பர் வந்த நேரம் மற்றவர்களை இறங்க விட்டுத் தான் கடைசியாகப் பங்கருக்குள் இறங்கினார். பாராட்டு." முதலில் இறங்கியது யார் என்று மிஸ் சொல்லவில்லை. அதிபர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அது முதல் மணிக்கு முந்தின நேரம், அவர் அங்கே நின்றார்.

பதின்மூன்று பள்ளிக்கூடம் முடிந்தபோது மிஸ்ஸின் சேவைக்காலமும் முடிந்தது. பிரியாவிடையில் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல் கொடுத்தார்கள். மிஸ் அங்கேயே அதை வாசித்து, 'கல்விக் கடலே', 'சேவைச் செம்மலே' எல்லாவற்றையும் தாண்டிப் போய், "நான் என்ன செய்தனான் எண்டு ஒரு வரியும் இல்லையே," என்று உண்மையான கவலையோடு கேட்டார். எழுதிய தமிழ் வாத்தியார் வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை புது அதிகாரி வந்தார். நல்ல மனிதர். ஒரு பக்கச் சுற்றுநிருபம், எல்லாம் ஒழுங்கு. ஏழு மணிக்கு நான் அலுவலகத்தைத் திறந்துகொண்டிருக்கும்போது வாசலில் மிஸ் நின்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருந்தார். பின் ரயர் வெடித்திருந்தது. புது ரயர் குடாநாட்டுக்குள் எங்கேயும் இல்லை.

"ஆறு பள்ளிக்கூடம் மிச்சம்," என்றார். "உம்மடை சைக்கிளைத் தாரும்."

"மிஸ், நீங்கள் இப்ப அதிகாரி இல்லை. உள்ளுக்கு விடமாட்டினம்."

"விடுவினம். முந்தி நீடிப்பைக் காட்டி வெருட்டினவை. இப்ப என்னட்டைப் பறிக்க என்ன இருக்கு?"

என் சைக்கிள் உயரம். அவருக்குக் கால் எட்டாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். நான் பின் கரியரைத் துடைத்தேன். மிஸ் கிளிப்பை எடுத்துச் சேலைத் தொங்கலில் குத்தினார்.

புறப்படுமுன் உள்ளே போய் அரை நாள் விடுமுறைக்கு ஒரு படிவம் நிரப்பிப் புது அதிகாரியின் மேசையில் வைத்தேன். 'காரணம்' என்ற இடத்தில் 'குடும்ப அலுவல்' என்று எழுதினேன். அது பொய் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.