ஓடிக்கொண்டிருந்த நெட்புக்

திருத்தர்கள் என்று ஓர் இனம் உண்டு. அகராதியில் தேட வேண்டாம். உங்கள் வீட்டில் தேடுங்கள். பழுதானதைச் சரிசெய்பவர் மெக்கானிக். அவருக்குக் கடை உண்டு, கூட்டம் உண்டு, கூப்பிட்டால் வரமாட்டார். திருத்தர் கூப்பிடாமலே வருவார். அவருக்குப் பழுது தேவையில்லை. ஒரு பொருள் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தால் போதும், அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வருத்தம் படரும், தலை லேசாகச் சாயும், விரல் நுனிகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும், பிறகு அந்தக் கேள்வி வரும்: "இது எப்பவுமே இவ்வளவு மெதுவாத்தான் இருக்குமா?"

இதற்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். "ஆமாம்" என்றால் சம்மதம். "இல்லையே" என்றால் "உங்களுக்குப் பழகிப்போச்சு" என்பார். அதுவும் சம்மதம்தான்.

இந்த இனத்தில் மிக்ஸியைத் திருத்துவோர், குழாயைத் திருத்துவோர் என்று பல கிளைகள். எல்லாவற்றிலும் முன்னேறிய கிளை லினக்ஸ் போடுகிறவர்கள். கணினியை இயக்கிக்கொண்டிருக்கும் மென்பொருளை மொத்தமாகத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் லினக்ஸ் என்ற இன்னொன்றைக் குடிவைப்பவர்கள். லினக்ஸ் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்ல பொருள், இலவசமாகக் கிடைக்கிறது, பாதி உலகம் அதில்தான் ஓடுகிறது என்கிறார்கள். ஓடட்டும். என் வருத்தமெல்லாம், அடுத்தவர் கணினியில் அதைப் போடாவிட்டால் தனக்குச் சாப்பாடு இறங்காது என்று நினைப்பவர்களைப் பற்றியது.

என் அத்தான் அந்தக் கிளையில் மூத்தவர். தொழிலால் கண்ணாடிக் கடைக்காரர். ஊரார் பார்வையைச் சரிசெய்து அனுப்பிவிட்டு வீட்டுக்கு வருவார், வந்ததும் கணினிகள். அவருக்கென்று மூன்று இருக்கின்றன. ஒன்றுக்குத் திரை இல்லை. ஒன்றில் திரை மட்டும் இருக்கிறது. மூன்றாவது என்னவாக இருந்தது என்பதே இப்போது யாருக்கும் தெரியாது.

அக்காவிடம் ஒரு நெட்புக் இருந்தது. நோட்டுப் புத்தக அளவில் ஒரு குட்டிக் கணினி. பொத்தானை அமுக்கிவிட்டுக் காபி போட்டுக் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் திறந்திருக்கும். அக்காவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவளுக்குக் காபி பிடிக்கும்.

அக்கா பதினான்கு வருடமாக ஒரு ரத்த வங்கியில் வேலை பார்க்கிறாள். ரத்தப் பைகளைச் சோதித்து, வகை பிரித்து, சரியான குளிரில் வைப்பது வேலை. அவளிடம் தொழில் கற்றுக்கொண்ட இரண்டு பேர் அவளுக்கே மேலதிகாரிகளாகி, ஒருவர் ஓய்வும் பெற்றுவிட்டார். இந்த நிலையில்தான் வேறொரு பெரிய மருத்துவமனையில் ரத்த வங்கிக்குப் பொறுப்பாளர் தேவை என்று விளம்பரம் வந்தது. யாரிடமும் மூச்சு விடாமல் விண்ணப்பித்தாள். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு இணையம் வழியாக நேர்காணல் என்று கடிதம் வந்த பிறகுதான் எங்களிடமே சொன்னாள். கணினியில்தான் கலந்துகொள்ள வேண்டும், கைபேசி கூடாது, அசல் சான்றிதழ்களைக் கேமராவில் காட்ட வேண்டும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அத்தானுக்கு ஒரே சந்தோஷம். அவர் நல்ல மனிதர். மனைவிக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைத்தார். இந்த இனத்தின் ஆபத்தே அதுதான். கெட்டவர்களாக இருந்தால் தள்ளி வைத்துவிடலாம்.

சனிக்கிழமை காலை அக்கா வேலைக்குப் போனாள். நான் மாடிப் போர்ஷனில் இருப்பவன். பேப்பர் வாங்கக் கீழே இறங்கினேன். அத்தான் சாப்பாட்டு மேசையில் நெட்புக்கோடு உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு நிமிஷம் மாப்ள. அவ வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்."

"அத்தான், திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்கலாமே?"

"நேர்காணல் நடுவுல இது மக்கர் பண்ணா? அப்ப நீ வந்து பதில் சொல்லுவியா?"

நான் பேப்பரை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். இந்தக் கதையில் என் குற்றம் அவ்வளவுதான். ஆனால் அது சின்னக் குற்றமல்ல.

மாலை நாலரைக்கு அக்கா வந்தபோது நெட்புக் பளிச்சென்று இருந்தது. பொத்தானை அமுக்கினால் அரை நிமிடத்தில் திறந்தது. காபிக்கு நேரமே இல்லை. "சத்தமே இல்ல பாத்தியா?" என்றார் அத்தான்.

அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "வைஃபை எங்க?"

"அது வரும். டிரைவர்தான் பிரச்சினை."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தர் அகராதியில் 'டிரைவர்' என்பது வண்டி ஓட்டுபவரல்ல; கணினிக்கும் அதன் உறுப்புகளுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடத்தும் ஒரு துண்டு மென்பொருள். அத்தான் வீட்டில் எது நடக்காவிட்டாலும் காரணம் அதுதான். நடந்துவிட்டால் காரணம் அத்தான்.

"என் சான்றிதழெல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேனே?"

"அதெல்லாம் போகாது. காப்பி எடுத்திருப்பியே?"

"மேசை இழுப்பறையில நீல பென் டிரைவ்ல இருக்கு."

அத்தான் கையில் இருந்த நீல பென் டிரைவைப் பார்த்தார். லினக்ஸை ஏற்றுவதற்காகக் காலையில் அதைத்தான் சுத்தமாகத் துடைத்திருந்தார்.

"வேற எங்கயாவது இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இந்த நெட்புக்ல இருக்கு."

"இருந்துச்சு," என்றார் அத்தான்.

அக்கா கத்தவில்லை. அவள் ரத்தத்தோடு வேலை பார்ப்பவள். எதையும் சிந்தவிட மாட்டாள். இரும்பு அலமாரியைத் திறந்து, காகிதச் சான்றிதழ்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணினாள். ஏழும் இருந்தன. அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அத்தான் வைஃபையைத் தேடினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கட்டளை மேல் கட்டளை அடித்தார். ஒவ்வொன்றுக்கும் கணினி பத்து வரியில் பதில் எழுதியது. எல்லாப் பதிலுக்கும் அர்த்தம் ஒன்றுதான். கடைசியில் ஒரு கம்பியைக் கொண்டுவந்து ரௌட்டரிலிருந்து நேராகச் செருகினார். இணையம் வந்தது. கம்பிதான் போதவில்லை. கூடத்து ரௌட்டரிலிருந்து அது குளியலறை வாசல் வரைக்கும்தான் எட்டியது. எனவே இஸ்திரி மேசையைக் குளியலறை வாசலில் போட்டு, அதன் மேல் நெட்புக்கை வைத்து, பின்னால் கதவு தெரியாமல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். நான்தான் ஆணி அடித்தேன்.

அப்புறம் கேமராவை ஓட்டிப் பார்த்தோம். அக்கா தெரிந்தாள். தலைகீழாகத் தெரிந்தாள்.

"இந்த மாடல்ல கேமராவைத் திருப்பி மாட்டியிருக்கான்," என்றார் அத்தான். "பழைய சிஸ்டம் அதை உள்ளுக்குள்ளயே நேராக்கிக் காட்டிச்சு. லினக்ஸ் இருக்கறதை இருக்கற மாதிரி காட்டுது." குரலில் ஒரு பெருமை தெரிந்தது. இணையத்தில் திருத்தர்கள் கூடும் மன்றம் ஒன்றில் உதவி கேட்டு எழுதினார். இரவுக்குள் பதினோரு பதில்கள் வந்தன. நான்கு பேர் வேறு வகை லினக்ஸ் போடச் சொன்னார்கள். ஆறு பேர் அந்த நால்வரைத் திட்டினார்கள். மீதி ஒருவர், கேமரா எதற்கு என்று கேட்டிருந்தார்.

திங்கட்கிழமை பதினொரு மணி. திரையில் மூன்று பேர் வந்தார்கள்: ஒரு பெண் மருத்துவர், இரண்டு அதிகாரிகள். மருத்துவர் பேச வாய் திறந்து, மூடி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அதிகாரிகளும் சாய்த்தார்கள்.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றாள் அக்கா. நெட்புக்கை அப்படியே தூக்கித் தலைகீழாகத் திருப்பினாள். அவர்களுக்கு அக்கா நேரானாள். அவளுக்கு அவர்கள் மூவரும் தலைகீழானார்கள். நெட்புக் அந்தக் கோலத்தில் தானாக நிற்காது. யாராவது பிடிக்க வேண்டும். அக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அத்தான் வந்து, மேசைக்குப் பின்னால் முட்டி போட்டு, அடிப்பாகத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தமில்லாமையின் ரகசியம் விளங்கியது. உள்ளே விசிறியே ஓடவில்லை. பத்தாவது நிமிடத்தில் அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது. அத்தான் உதட்டைக் கடித்துக்கொண்டார். துணி கொண்டுவரட்டுமா என்று நான் சைகையில் கேட்டேன். அசைந்தால் படம் ஆடும் என்று கண்ணாலேயே தடுத்தார். அந்த நாற்பது நிமிடத்தில் அவர் மேல் எனக்கு வந்த மரியாதை அதற்கு முன் வந்ததில்லை.

அக்கா தலைகீழான மூன்று முகங்களைப் பார்த்துக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். ஏழு சான்றிதழ்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். கடைசியில் மருத்துவர் கேட்டார்:

"அவசரமா ரத்தம் தேவைப்படுற நேரம். ஒரு மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடுது. நீங்க முதல்ல என்ன செய்வீங்க?"

அக்கா யோசிக்கவே இல்லை. "வேலை முடியற வரைக்கும் யாரையும் அதைத் தொட விடமாட்டேன், மேடம். நல்லது பண்றேன்னு வர்றவங்களை முக்கியமா."

மருத்துவர் சிரித்துவிட்டார். தலைகீழாகப் பார்த்தாலும் அது சிரிப்புதான். நெட்புக் லேசாக ஆடியது.

எல்லாம் முடிந்த பிறகு அத்தானின் உள்ளங்கைகள் சிவந்துபோயிருந்தன. அக்கா குழாயைத் திறந்து, அவர் கையைப் பிடித்துத் தண்ணீரில் நீட்டினாள்.

"மன்னிச்சிடு," என்றார் அத்தான். அந்த இனத்தின் வாயிலிருந்து இந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கண் கலங்கப் பார்த்தது. அதற்குள் அவரே தொடர்ந்தார்: "ஆனா ஒண்ணு. பழைய சிஸ்டமா இருந்தா நடுவுல அப்டேட்டுன்னு நின்னிருக்கும்."

அக்கா குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து வேலை கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அக்கா அழுதாள், நானும் கொஞ்சம். கண்ணாடிக் கடைக்கு இப்போது போனால், எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்து முடிப்பதற்குள், ஒரு பெண்மணி லினக்ஸால் பெரிய பதவிக்குப் போன வரலாறு உங்கள் காதில் விழுந்துவிடும். மூன்று வாடிக்கையாளர்கள் தங்கள் கணினிகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்களாம். அவர்களுடைய குடும்பத்தாரை நினைத்துக்கொள்கிறேன்.

வாசகரே, இவ்வளவு நேரம் நீங்கள் அத்தானைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லுங்கள். கேமரா தலைகீழாகக் காட்டியது என்று படித்தீர்களே, அப்போது உங்கள் மனதில் முதலில் எழுந்தது 'ஐயோ பாவம்' என்பதா? அல்லது 'அதுக்கு ஒரே ஒரு வரி கட்டளை போட்டா போதுமே' என்பதா?

இரண்டாவது என்றால் பரவாயில்லை, யாரிடமும் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு விலாசம் கேட்டு மட்டும் எழுதிவிடாதீர்கள்.