கடைசிச் சொல் ‘ஒரு’

அறிவியல் புனைகதையில் எதைப் படிக்கலாம் என்று என்னிடம் யாராவது கேட்டுவிட்டால், அன்று அவர் வீட்டுக்குப் போகத் தாமதமாகும். டாக்டர் மருந்து எழுதுவதுபோல ஆளைப் பார்த்துப் புத்தகம் சொல்வேன். மாமியாரோடு சண்டையா? மனிதர்களே இல்லாத கிரகத்தைப் பற்றி ஒரு நாவல். வேலையில் சலிப்பா? முதலாளியை எதிர்த்துப் பேசும் ரோபோவின் கதை. (அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை என்றால், இனி எப்போது போகும்?)

ராயபுரத்தில், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளின் காகிதங்களைப் பார்க்கும் ஆபீசில் எனக்கு வேலை. திருவொற்றியூரில் ஒரு தையல் கடை மாடியில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். நடத்துபவர் விக்டோரியா டீச்சர். அந்த மாதம் வட்டத்துக்கென்று புது அலமாரி வாங்கியிருந்தார்கள். அதில் ஒரு தட்டு முழுக்க அறிவியல் புனைகதை. புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு யாருக்கு என்று அன்றைக்கு முடிவாக வேண்டும். என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? முறைக்காக ஒரு புத்தகத்தைப் பற்றி நான் பேசிவிட்டால் போதும்.

நான் எடுத்துக்கொண்டது ‘திரும்பாத விண்கலம்’. பதினோரு வருடத்துக்கு முன் நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய பிரதி. பார்த்தவரிடமெல்லாம் அதைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். தலைமுறை தலைமுறையாகப் பயணம் செய்த ஒரு விண்கலம், முன்பின் தெரியாத கிரகத்தில் இறங்குகிறது. கேப்டன் கதவைத் திறக்கிறான். ‘வெளியே அவன் கண்டது ஒரு’. அவ்வளவுதான், நாவல் முடிந்தது. முற்றுப்புள்ளிகூடக் கிடையாது.

அந்த ‘ஒரு’வைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் பேசினேன். “தமிழ்ல வேற எந்த எழுத்தாளருக்கும் இந்தத் துணிச்சல் வரல. அந்த ஒரு சொல்லுக்குள்ள பிரபஞ்சமே இருக்கு” என்றேன். கை தட்டுவார்கள் என்று கொஞ்சம் நிறுத்தினேன். யாரும் தட்டவில்லை. பின்வரிசையில் தாஸ் எழுந்தார். கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். ஹார்பர் கேட் வரிசையில் வண்டி நிற்கும் நேரத்தில் ஸ்டியரிங் மேல் புத்தகத்தை வைத்துப் படிப்பார். இந்த நாவலையும் நான் சொல்லித்தான் புதுப் பிரதியாக வாங்கியிருந்தார்.

“சாரு, ஒரு டவுட்டு. அத்தோட இன்னாத்துக்கு நிறுத்திட்டீங்கோ? இன்னும் பதினாறு பக்கம் கீதே?”

“இல்ல தாஸ், நாவல் அங்கதான் முடியுது. முதல் தடவ படிக்கிறவங்களுக்கு அது பிடிபடாது.” (இதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.)

“நான் ரெண்டு தபா படிச்சேன் சாரு. ஒரு முருங்க மரம்.”

“என்னது?”

“கேப்டன் பார்த்தது. அடுத்த பக்கத்துல மொத வார்த்தையே அதான். எங்கெங்கியோ சுத்திக்கினு கடசில நம்ம பூமிக்கே வந்துட்டானுங்கோ. உங்களுக்குத் தெரியாதா இன்னா? சும்மா எங்கள டெஸ்ட் பண்றீங்கோ, அதானே?”

அந்த நல்ல மனிதர் நான் தப்பிக்க வழி செய்து கொடுத்தார். ‘ஆமாம், டெஸ்ட்தான்’ என்று சொல்லியிருந்தால் மானம் பிழைத்திருக்கும். நான் சொன்னது: “உங்களோடது போலிப் பதிப்பா இருக்கும். யாரோ முருங்க மரத்தச் சேத்து அச்சடிச்சிருக்காங்க.”

டீச்சர் இரண்டு பிரதிகளையும் வாங்கி மேசைமேல் விரித்தார். என்னுடையதில் கடைசிப் பக்கத்துக்கும் பின்னட்டைக்கும் நடுவே காய்ந்த பசை, அதில் கிழிந்த காகிதத்தின் ஓரம். பதினோரு வருடமாக அது என் கண்ணில் படவில்லை. “சேகர் சார், உங்க புத்தகத்துல பதினாறு பக்கம் கழண்டு விழுந்திருக்கு” என்றார், பிள்ளையிடம் பல் விழுந்துவிட்டது என்று சொல்வதுபோல. பிறகுதான் தெரிந்தது, நான் முன்பு சொன்னதைக் கேட்டு அந்த மாடியில் பாதிப் பேர் புதுப் பிரதி வாங்கி முழுதாகப் படித்திருக்கிறார்கள். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது மொத்தமாகச் சிரித்தார்கள். கீழே தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்க மாடிக்கே வந்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும், “சாரு இன்னும் கேக்கலியே, படிங்க டீச்சர்” என்றார் தாஸ். டீச்சர் அந்தப் பதினாறு பக்கத்தையும் உரக்கப் படித்தார். மரம் என்ற ஒன்றையே பார்த்திராத கேப்டன், பயந்து பயந்து ஒரு இணுக்குக் கீரையைப் பறிக்கிறான். உடனே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் குரல்: “யார் வீட்டு மரத்துல யார் கை வைக்கிறது?” தன் கலத்துக்கு வெளியே இன்னொரு மனிதக் குரலை அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுகிறான். நானும் அழுதேன். அவமானத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். இல்லை, முடிவு அவ்வளவு நன்றாக இருந்தது. (சரி, கொஞ்சம் அவமானமும்.)

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி கல்யாணி தோசைக் கரண்டியோடு திரும்பினாள். “நான் அப்பவே கேட்டேனே, இன்னா பாதியிலயே நிக்குதுன்னு! நீதான் எனக்கு இலக்கியம் பத்தாதுன்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தே!”

பொறுப்பை எனக்கே கொடுத்தார்கள் என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: நான் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் தாஸ் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைப்பார். ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தார். “இது ரெண்டாம் பாகம் சாரு. மொத பாகம் எங்க?”

இரண்டு மாதத்துக்கு முன் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. நாலு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். “இந்தப் பிள்ளைகளோட வாழ்க்கை ஒரு” என்று கம்பீரமாகத் தொடங்கி, பொருத்தமான சொல்லைத் தேடி ஒரு நொடி நிறுத்தினேன்.

“முருங்க மரம்!” என்று கத்தினார்கள் என் மனைவி, மகள், மைத்துனர்கள், கடைசி வரிசையிலிருந்து தாஸ்.

சம்பந்தி வீட்டார் அதை எங்கள் குடும்ப வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். சம்பந்தியம்மா பயபக்தியோடு அட்சதையைத் தூவி, “முருங்க மரம்” என்று அவரும் சொன்னார்.