கான் மாமா

ஃபோர் வீல் ஜீப் வாங்கியவனுக்கு முதலில் கெட்டுப்போவது ஒழுங்கான ரோட்டின் மேலிருக்கும் மரியாதைதான். எனக்கு அது ஒரே வாரத்தில் கெட்டுப்போனது.

தங்கச்சி மாலதியைப் பெண் பார்க்க டிக்கோயாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. எங்கள் வீடு அக்கரப்பத்தனைப் பக்கம், தோட்டத்துக்குள்ளே. "அவங்க வேன் புடிச்சு வந்துருவாங்கடா" என்றார் அம்மா. புது ஜீப் வாசலில் நிற்கும்போது வேனா? நானே போய் மாப்பிள்ளை சுதனையும் அவருடைய அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். (யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கொங்கிரீட் ரோட்டை விட்டு, தேயிலைக்கு நடுவே ஏறும் பழைய லொறிப் பாதையில் திருப்பினேன். காலையிலிருந்தே மழை.

"அண்ணே, ரோடு அந்தப் பக்கமா போகுது போலயே?" என்றார் சுதன்.

"அதுல ஆட்டோகூடப் போகும் தம்பி. இது ஓஃப் ரோட் வண்டி."

இரண்டாவது வளைவில் வண்டி வழுக்கி, மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானுக்குள் இடதுபக்கமாக இறங்கியது. இறங்கியதோடு நிற்காமல், முன்கதவிலிருந்து பின்விளக்கு வரைக்கும் கல்லுக்கட்டில் பாசத்தோடு உரசிக்கொண்டே போய் நின்றது. இடதுபக்கக் கதவுகள் திறக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கியரைத் தாண்டி, என் சீட் வழியாக வெளியே வந்தார். பெண் பார்க்க வந்த மனுசன் அப்படி இறங்கி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மிச்சத் தூரத்தைத் தேயிலைக்குள் நடந்தோம். வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் அம்மா "ஐயோ!" என்று அலறினார். காலில் இரண்டு அட்டை. நான் அதிர்ச்சியடையும் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருக்க, அலங்காரம் பண்ணிக்கொண்டிருந்த மாலதி பாதித் தலையில் பூவோடு ஓடிவந்து, உப்பைப் போட்டு அட்டையை எடுத்து, காலைக் கழுவியும் விட்டாள். பெண் பார்க்க வந்தவரின் காலைப் பெண் பார்த்தாள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணம் நின்றால் எனக்கு அந்த வீட்டில் சோறு கிடையாது என்பது தெளிவாக இருந்தது.

"வண்டிக்கு என்ன தம்பி செய்யப் போறீங்க?" மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் கேட்டார்.

"புது வண்டிங்க. வாரண்டி இருக்கு. கம்பனிக்காரன் சும்மா செஞ்சு குடுப்பான். இப்பவே கேட்டுக் காட்டுறேன்." எல்லாருக்கும் கேட்கட்டுமென்று ஃபோனை ஸ்பீக்கரில் வேறு போட்டேன்.

ஷோரூம் பெண் மிகவும் மரியாதையானவர். "சேர், வாரண்டி தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டும்தான். வண்டிப் பொடி, கதவு அடிபட்டா அதுல வராது."

"பெயிண்ட் உரிஞ்சிருக்கே, அது குறைபாடு இல்லையா?"

"தானா உரிஞ்சுதா சேர்?"

"கல்லுக்கட்டு கொஞ்சம் உதவி செஞ்சது."

"அப்ப இன்சூரன்ஸ்லதான் கேக்கணும் சேர்."

விடுவேனா? "ஓஃப் ரோட் வண்டின்னு சொல்லித்தானே வித்தீங்க?"

"ரோட்டை விட்டு எறங்கலாம் சேர். எறங்கி இடிக்கக் கூடாது. வண்டிலதான் குறைன்னா நாங்க பாப்போம். ஓட்டுறவங்களுக்கு நாங்க வாரண்டி குடுக்கல."

சுதன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அதே நொடியில் குசினிக்குள்ளிருந்து மாலதியின் சிரிப்பு வெடித்தது. அவர் எட்டிப் பார்த்தார். அவளும் எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்னை யாரும் பார்க்கவில்லை.

"எங்களுக்குப் பொண்ணைப் புடிச்சிருக்குங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "ஆனா திரும்பிப் போறப்ப நாங்க பஸ்லயே போயிக்கிறோம்."

இன்சூரன்ஸில் கதவுகளைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். பெயரைத்தான் சரிசெய்ய முடியவில்லை. மாலதியின் மகளுக்கு நான் 'கான் மாமா'. முன்பள்ளியிலும் அப்படியே சொல்லிவைத்திருக்கிறாள். போன மாதம் அவளை அழைத்துவரப் போனபோது, அவளுடைய டீச்சர் ஓடிவந்து கைநிறையப் பேரீச்சம்பழம் கொடுத்தார்.

"நோன்பு நேரத்துல வெயில்ல நிக்காதீங்க, கான் சேர்."

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். கானுக்குள் இறங்கிய கதையை அவரிடம் விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.